வெயில் வரைந்த இலை

"அக்கா, எம் பூ செத்துப்போச்சு."

நான்காம் வகுப்புப் பிள்ளை. கையில் ஒரு தாளை நீட்டிக்கொண்டு நின்றாள். முந்தைய சனிக்கிழமை செம்பருத்தி இதழ்களை அவளே கல்லில் வைத்து நசுக்கி, சாற்றில் விரலை முக்கி வரைந்த பூ அது. வரைந்த அன்று கத்தரிப்பூ நிறத்தில் ஈரம் மின்னக் கிடந்தது. தெருவில் போகிறவர்களெல்லாம் பார்க்கட்டும் என்று வீட்டு வாசல் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறாள். ஏழு நாள் வெயில் குடித்த பிறகு, தேயிலைத் தண்ணீர் சிந்திக் காய்ந்ததுபோல் ஒரு வெளிறிய தடம்தான் மிச்சம்.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு கரிசல் கிராமத்தில், நூலகத் திண்ணையிலும் அதை ஒட்டிய வேப்பமர நிழலிலுமாகச் சனிக்கிழமைதோறும் பத்துப் பதினைந்து பிள்ளைகளோடு உட்கார்கிறேன். படம் வரைகிறோம், பொம்மை செய்கிறோம், சாயம் காய்ச்சுகிறோம். எங்களுக்குள் ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. எதையும் கடையில் வாங்கக் கூடாது. மரத்திலிருந்து உதிர்ந்தது, அடுப்படியில் மிஞ்சியது, குப்பைக்குப் போகவிருந்தது, காலடி மண். இவை போதும்.

செத்துப்போன பூவுக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்கு உடனே தெரியவில்லை. வேறு பூ வரைந்துகொள்ளலாம் என்று சமாளிக்கப் பார்த்தேன். திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த பாட்டிதான் பேச்சை எடுத்தார். "வேட்டியில சிந்துன கொழம்புக் கறையவே வெயில் தின்னுபுடும். பூச்சாறு எம்மாத்திரம்?"

அடுத்த நான்கு சனிக்கிழமைக்கான பாடம் அந்தப் பேச்சில் இருந்தது. வெயில் நிறத்தைத் தின்னும் என்றால், எதைத் தின்னலாம், எதை விட்டுவைக்க வேண்டும் என்று வெயிலுக்கு நாம் சொல்ல முடியாதா?

1842இல் ஒருவர் ஏறக்குறைய இதையே கேட்டிருக்கிறார். ஜான் ஹெர்ஷல், இங்கிலாந்தின் வானியலாளர். அந்த ஆண்டு அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை தாவரச் சாயங்களின் மீது சூரியக் கதிர்கள் செய்யும் வேலையைப் பற்றியது. தோட்டத்துப் பூக்களை இடித்துச் சாறெடுத்து, தாளில் பூசி உலர்த்தி, வெயிலில் வைத்துப் பார்த்திருக்கிறார். வெயில் பட்ட இடம் வெளுக்கும். மறைத்த இடத்தில் நிறம் அப்படியே நிற்கும். கேமரா இல்லை, வெள்ளி உப்பு இல்லை. பூச்சாற்றிலேயே ஒரு நிழற்படம். ஆனால் ஒரு படம் விழுவதற்கே நாள் கணக்கில், சில சாறுகளுக்கு வாரக் கணக்கில் காத்திருக்க வேண்டும். அதே கட்டுரையில்தான் இரும்பு உப்பைக் கொண்டு நீல நிற நிழற்படம் எடுக்கும் முறையையும் அவர் சொன்னார். அடுத்த ஆண்டே அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி கடற்பாசிகளைத் தாளின் மேல் நேரடியாகக் கிடத்தி, அந்த நீல நிற நிழற்படங்களால் ஒரு புத்தகத்தையே உருவாக்கத் தொடங்கினார். நிழற்படங்கள் கொண்ட முதல் புத்தகம் என்று அதைச் சொல்கிறார்கள். பாசி, இலை, பூ என்று கையில் கிடைத்ததைத் தாளில் வைத்து வெயிலிடம் ஒப்படைத்தவர்கள்தான் நிழற்படக் கலையின் தொடக்கத்தில் நிற்கிறார்கள்.

இங்கிலாந்து வெயிலில் வாரக் கணக்கு என்றால், நம் சித்திரை வெயிலுக்கு அவ்வளவு பொறுமை வேண்டியதில்லை. மஞ்சளை எடுத்துக்கொண்டால் அரை நாளே அதிகம்.

நாங்கள் செய்த விதத்தைச் சொல்கிறேன். மஞ்சள் தூளைத் தண்ணீரில் கரைத்தால் தாளில் திட்டுத்திட்டாகத்தான் ஒட்டும். மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் தண்ணீரில் கரையாது. எண்ணெயிலும் சாராயத்திலும் கரையும். கறிக்குழம்பில் எண்ணெய் மட்டும் பொன்னிறமாகப் பிரிந்து மிதப்பது அதனால்தான். கொரோனாக் காலத்தில் வாங்கி அலமாரியில் மறந்துபோன சானிடைசர், தண்ணீர்போல் இருக்கும் வகை, நூலகத்தில் இரண்டு பாட்டில் கிடந்தது. அதில் மஞ்சள் தூளைப் போட்டுக் குலுக்கி, பழைய பருத்தித் துணியில் வடிகட்டினோம். இந்த வேலையைப் பெரியவர்கள், தீ எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் செய்ய வேண்டும். வடிந்த சாற்றை ஒருபுறம் அச்சடித்த பழைய விடைத்தாள்களின் வெற்றுப் பக்கத்தில் பூசி, அறைக்குள் இருட்டில் உலர்த்தினோம். பிள்ளைகள் ஆளுக்கொரு இலையோடு வந்தார்கள். பூவரசு, புளி, முருங்கை, வேம்பு. ஒருத்தன் மட்டும் தன் பழைய சைக்கிளின் சங்கிலித் துண்டைக் கொண்டுவந்தான். தாளின் மேல் இலையை வைத்து, உடைந்த படச்சட்டத்துக் கண்ணாடியால் அமுக்கி, நூலக மொட்டை மாடியில் வரிசையாகப் பரப்பினோம்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணாடியை எடுத்தபோது பிள்ளைகளிடம் சத்தமே இல்லை. வெயில் பட்ட இடமெல்லாம் பழைய காகிதம்போல வெளுத்திருந்தது. நடுவே முருங்கைக் கிளை, ஒவ்வொரு சின்ன இலையும் தனித்தனியாக, மஞ்சளாக. சங்கிலியின் கண்ணிகள்கூட எண்ணிவிடும் அளவுக்குத் தெளிவு.

பிறகுதான் பெரிய ஆச்சரியம். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிநீரை நானே பஞ்சில் தொட்டு ஒற்றினேன். மஞ்சள் முருங்கை ஒரு நொடியில் சிவந்தது. "ஆரத்தி!" என்று ஒரு குரல். ஆமாம், ஆரத்தித் தட்டில் நடப்பதும் இதேதான். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவப்பு வரும் என்பது நம் வீடுகளில் குழந்தைக்கும் தெரியும். ஏன் சிவக்கிறது என்று கேட்பதை எப்போதோ விட்டுவிட்டோம்.

ஊஞ்சலை வைத்துத்தான் பிள்ளைகளுக்குச் சொன்னேன். குர்குமின் மூலக்கூறு ஒரு நீளமான சங்கிலி. அந்தச் சங்கிலி நெடுக எலெக்ட்ரான்கள் ஊஞ்சலாடத் தயாராக நிற்கின்றன. ஊஞ்சல் கயிறு குட்டையாக இருந்தால் ஆட்டம் வேகமாக இருக்கும்; நீளமாக இருந்தால் மெதுவாக. ஒளியும் அப்படித்தான். நீலமும் ஊதாவும் வேகமாகத் துடிக்கும் ஒளி. பச்சை அதைவிட மெது, சிவப்பு இன்னும் மெது. குர்குமினின் ஊஞ்சல் இயல்பான நிலையில் நீல ஒளியோடு தாளம் சேர்கிறது. அதனால் வெள்ளை வெயிலிலிருந்து நீலத்தை விழுங்கிவிட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. நீலம் போன வெள்ளை நம் கண்ணுக்கு மஞ்சள். சுண்ணாம்பு ஒரு காரம். அது மூலக்கூறின் ஓரங்களில் உள்ள ஹைட்ரஜன் அயனிகளைப் பிடுங்கிக்கொள்கிறது. பிடிப்பு தளர்ந்த எலெக்ட்ரான்கள் இன்னும் தாராளமாகப் பரவி ஆடுகின்றன. கயிறு நீண்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அது விழுங்குவது பச்சை ஒளியை. திரும்பி வருவது சிவப்பு. அதே தாளில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டால் ஹைட்ரஜன் திரும்பக் கிடைக்கிறது. மறுபடி மஞ்சள். பிள்ளைகள் இதைச் செய்துபார்த்தே ஒரு எலுமிச்சம்பழத்தைத் தீர்த்தார்கள்.

வெயில் செய்யும் வேலை வேறு. அது ஊஞ்சலையே அறுத்துவிடுகிறது. ஒளியின் ஆற்றலை வாங்கி வாங்கி, ஒரு கட்டத்தில் சங்கிலி துண்டாகிறது. துண்டுகள் குட்டையானவை, கண்ணுக்குத் தெரியும் எந்த ஒளியோடும் அவற்றால் தாளம் சேர முடியாது. ஆகவே நிறம் இல்லை. அப்படிச் சிதறும் துண்டுகளில் ஒன்று வெனிலின். ஐஸ்கிரீமில் வெனிலா மணம் தருவதும் இதே பொருள்தான். இதைச் சொன்னதும் எல்லாரும் வெளுத்த தாளை எடுத்து முகர்ந்து பார்த்தார்கள். மூக்குக்கு எட்டும் அளவில் அது இல்லை என்று சொன்ன பிறகும் விடவில்லை.

செம்பருத்தியின் கதையும் இதன் பக்கத்து வீட்டுக் கதைதான். அதில் உள்ள நிறமி ஆந்தோசயனின். சங்குப்பூவுக்கு நீலமும் நாவல்பழத்துக்குக் கருநீலமும் தருவது இந்தக் குடும்பம். புளிப்பு பட்டால் சிவக்கும், காரம் பட்டால் பச்சைக்குப் போகும். ராபர்ட் பாயில் 1664இல் வெளியிட்ட நிறங்களைப் பற்றிய நூலில், ஊதாப் பூச்சாற்றில் புளிப்பும் காரமும் இப்படி எதிரெதிர் நிறம் காட்டுவதை எழுதியிருக்கிறார். இன்று பள்ளி ஆய்வகங்களில் இருக்கும் லிட்மஸ் தாளுக்கு அது அண்ணன் முறை. மஞ்சளைப்போலவே கூச்ச சுபாவம் உள்ள நிறமி என்று சொல்லலாம். காற்றும் வெளிச்சமும் ஈரமும் சேர்ந்தால் தாங்காது. அந்தப் பிள்ளையின் பூ இறந்ததில் அவள் கைத்தவறு எதுவும் இல்லை.

"அப்ப சாகாத நிறம் இருக்காக்கா?"

அவள் கேட்ட இந்தக் கேள்விக்காகத்தான் அடுத்த வாரம் மண் கொண்டுவரச் சொன்னேன். கரிசல் எங்கள் காலடியிலேயே. ஓடைக்கரையிலிருந்து ஒருவன் மஞ்சள் மண் கொண்டுவந்தான். உழுத காட்டில் பொறுக்கிய சுக்காங்கல் வந்தது. திருச்செந்தூர்ப் பக்கம் அத்தை வீட்டுக்குப் போய்வந்த ஒரு பிள்ளை, ஒரு சோப்பு டப்பா நிறையத் தேரி மண் அள்ளி வந்திருந்தாள். ரத்தச் சிவப்பு. தேரிக்காட்டின் மணல் ஒவ்வொன்றும் உள்ளே நிறமற்ற குவார்ட்ஸ் பரல்தான். மேலே இரும்பு ஆக்சைடு மெல்லிய சட்டைபோல் போர்த்தியிருக்கிறது. ஹெமடைட் என்று அதற்குப் பெயர். எளிமையாகச் சொன்னால், முற்றிய துரு.

மண்ணைத் தண்ணீரில் கலக்கி, கனமான மணல் அடியில் இறங்கியதும், மேலே மிதக்கும் கலங்கலை மட்டும் வேறு சிரட்டைக்கு மாற்ற வேண்டும். அதைத் தெளியவிட்டால் அடியில் படிவது வெண்ணெய்போல நைசான நிறம். கருவேலம் பிசினை இரவே தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் இதோடு குழைத்தால் நல்ல வண்ணம். சுக்காங்கல்லை இடித்தால் வெள்ளை. அதன் மேல் எலுமிச்சை பிழிந்தால் நுரைக்கும். கரியடுப்பில் கிடந்த கரித்துண்டு கருப்பு. இவ்வளவு நாள் பிள்ளைகள் மிதித்து நடந்த ஊரே ஒரு வண்ணப்பெட்டி என்பது அன்றைக்குத்தான் எங்கள் எல்லாருக்கும் உறைத்தது.

ஓடைக்கரை மஞ்சள் மண்ணை ஒரு பழைய இரும்புக் கரண்டியில் போட்டு அடுப்பில் காட்டினேன். எதுவும் நடக்காதுபோல் இருந்தது. கரண்டி நன்றாகக் காய்ந்ததும் ஓரத்திலிருந்து சிவப்பு படர ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் முழுக்கச் செங்கல் நிறம். மஞ்சள் மண்ணில் இருப்பதும் இரும்புதான், ஆனால் தண்ணீரோடு பிணைந்த இரும்பு. சூடு அந்தத் தண்ணீரை விரட்டியதும் அது ஹெமடைட் ஆகிறது. செங்கல் சூளையிலும் குயவர் சூளையிலும் நடப்பது இதே மாற்றம்தான். ஆதிமனிதர்களும் மஞ்சள் காவியைச் சுட்டுச் சிவப்புக் காவி செய்திருக்கிறார்கள். விழுப்புரம் மாவட்டத்தின் கீழ்வாலையில் பாறைமேல் செங்காவியில் தீட்டிய உருவங்கள் வரலாற்றுக்கு முந்தைய காலத்தவை, இன்றும் நிற்கின்றன. சித்தன்னவாசல் குகை விதானத்துத் தாமரைக்குளத்திலும் மண்ணின் நிறங்கள் உண்டு. ஏன் சாகவில்லை? வெயில் அறுப்பதற்கு அங்கே நீண்ட சங்கிலி எதுவும் இல்லை. காற்று துருப்பிடிக்க வைக்கலாமென்றால் அது ஏற்கெனவே துரு. போகவேண்டிய தூரமெல்லாம் போய் அடங்கிவிட்ட பொருள்.

சாகும் நிறத்துக்கும் சாகாத நிறத்துக்கும் நடுவில் ஒரு மூன்றாவது சாதி இருக்கிறது. செடியும் இரும்பும் சேர்ந்து பிறக்கும் கருப்பு. தெருமுனை டீக்கடையில் வடிகட்டி எறியும் தேயிலைச் சக்கையை ஒரு பையில் வாங்கி, கொதிக்க வைத்து, அந்தச் சாற்றில் தாளை முக்கி உலர்த்தினோம். துருப்பிடித்த ஆணிகளையும் ஒரு துண்டு கருப்பட்டியையும் தண்ணீரில் போட்டுப் பத்து நாள் மூடிவைத்திருந்தோம். கருப்பட்டி புளிக்கும்போது பிறக்கும் அமிலம் இரும்பைக் கரைக்கும். அந்தத் தண்ணீர் பார்க்க ஒன்றுமில்லாத பழுப்பு. அதில் வேப்பங்குச்சியைத் தொட்டுத் தேயிலைத் தாளில் கோடு இழுத்தால், இழுத்த கையின் பின்னாலேயே கோடு கறுத்துக்கொண்டு வருகிறது. பிள்ளைகள் பெயர் எழுதினார்கள். எழுத்து கறுப்பதை எழுதுகிறவரே வேடிக்கை பார்க்கும் சந்தோஷம் எந்தப் பேனாவிலும் இல்லை.

தேயிலையில் துவர்ப்பு தரும் டானின் இரும்போடு கைகோத்து, காற்றில் உள்ள ஆக்சிஜனையும் வாங்கிக்கொண்டு கறுப்பாகிறது. துணியில் வரையும் கலம்காரி ஓவியர்களின் கருப்பு இதுதான். அவர்கள் துணியைக் கடுக்காயிலும் பாலிலும் தோய்த்துக் காயவைக்கிறார்கள். கடுக்காய் டானினைத் தருகிறது; பாலின் கொழுப்பு மை பரவாமல் தடுக்கிறது. இரும்புத் துண்டுகளை வெல்லத் தண்ணீரில் ஊறவைத்த மையை மூங்கில் குச்சிப் பேனாவில் தொட்டு எழுதுகிறார்கள். இந்தக் கலை ஆந்திரத்துக் காளஹஸ்தியில் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். தஞ்சை வட்டாரத்தின் கருப்பூர் கலம்காரி 2021இல் புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. ஆனால் இந்தக் கருப்பிலும் ஒரு குறை உண்டு. காலப்போக்கில் இரும்பு தானிருக்கும் துணியையும் தாளையும் அரித்துவிடும். பழைய கலம்காரித் துணிகளில் கருப்பு இருந்த இடம் முதலில் இற்றுப்போவது அதனால்தான்.

தாளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எங்கள் திண்ணையில் அதிகம் வீணாவது அதுதான். கிழிந்த நோட்டு, பழைய செய்தித்தாள், முட்டை அட்டை எல்லாவற்றையும் ஊறவைத்துக் கூழாக்கி, பழைய கொசுவலையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, அதில் அள்ளி வடித்துப் புதுத்தாள் செய்கிறோம். எந்தப் பசையும் சேர்ப்பதில்லை. பிறகு எப்படி ஒட்டுகிறது? தாள் என்பது செல்லுலோஸ் நார்களின் படுக்கை. தண்ணீர் வற்ற வற்ற, அதன் மேற்பரப்பு இழுவிசை நார்களை ஒன்றோடொன்று நெருக்குகிறது. குளித்துவிட்டு வந்த தலைமுடி கற்றை கற்றையாகச் சேர்வதைப் பார்த்திருப்பீர்கள், அதே விசைதான். நன்றாக நெருங்கியதும் ஒரு நாரின் ஹைட்ரஜன் பக்கத்து நாரின் ஆக்சிஜனைப் பற்றிக்கொள்கிறது. ஒவ்வொரு பிடியும் மிகப் பலவீனமானது. எண்ணிலடங்காமல் சேரும்போது ஒரு தாள். மறுபடி நனைத்தால் தண்ணீர் அந்தப் பிடிகளுக்குள் புகுந்து விலக்கிவிடும். நனைந்த செய்தித்தாள் கையோடு வருவதும், பழைய தாளைக் கூழாக்க முடிவதும் ஒரே காரணத்தால்தான். ஒவ்வொரு முறை கூழாகும்போதும் நார் கொஞ்சம் குட்டையாகிறது. ஐந்து முதல் ஏழு முறைக்கு மேல் தாங்காது என்பது பொதுவான கணக்கு. முட்டை அட்டை அந்தப் பயணத்தின் கடைசிக் காலத்தில் இருக்கும் காகிதம். சீனாவில் கி.பி. 105இல் சாய் லுன் காகிதம் செய்த வரலாற்றில் மரப்பட்டையோடு கந்தைத் துணியும் பழைய மீன்வலையும் இடம்பெறுகின்றன. காகிதம் பிறக்கும்போதே மறுபயன்பாட்டுப் பொருளாகத்தான் பிறந்திருக்கிறது.

இங்கேயும் பாட்டிதான் எங்களுக்கு ஆசிரியர். "வெந்தயம் போடலையா?" என்றார். அவர் காலத்தில் பழைய தாளையும் ஊறிய வெந்தயத்தையும் ஆட்டுக்கல்லில் போட்டு ஆட்டி, மூங்கில் முறத்தில் பூசிக் காயவைப்பார்களாம். இண்டு இடுக்கு அடைபட்டு, மாவு சிந்தாத முறம் கிடைக்கும். குடத்தைக் கவிழ்த்து அதன்மேல் பூசிக் காயவைத்து எடுத்தால் கூடை. வெந்தயத்தை ஊறவைத்தால் வழவழப்பாக வருகிறதே, அது கேலக்டோமேனன் என்னும் நீண்ட சர்க்கரைச் சங்கிலி. செல்லுலோஸோடு அது நன்றாக ஒட்டும். கொத்தவரை இனத்து விதையில் இருக்கும் இதே வகைப் பசையைக் காகித ஆலைகள் தாளின் வலிமைக்காகச் சேர்க்கின்றன. ஆட்டுக்கல்லில் ஆட்டிய பெண்களுக்கு அந்தப் பெயர் தெரியாது. எவ்வளவு ஊற வேண்டும், எவ்வளவு சேர்க்க வேண்டும் என்ற அளவு தெரியும். அந்த அறிவை எந்தப் பாடப்புத்தகமும் இன்னும் வாங்கிக்கொள்ளவில்லை என்பது எனக்கு வருத்தம்.

மற்ற விளையாட்டுப் பொருள்களை விரிக்க இடமில்லை. பனையோலைக் காத்தாடி, அச்சுக்கு உடைமுள். நுங்கு தின்ற கூந்தலில் வண்டி. பூவரசு இலையைச் சுருட்டி ஒரு முனையை அமுக்கி ஊதினால் பீப்பீ. அமுங்கிய முனையின் இரண்டு உதடுகளும் மூச்சுக்காற்றில் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை மூடித் திறக்கின்றன. நாகஸ்வரத்தின் சீவாளி செய்வதும் இதுவே. சுருளைக் குட்டையாக்கினால் சுருதி ஏறும். தீப்பெட்டித் தொழில் நடக்கும் ஊர்ப்பக்கம் என்பதால் மருந்து பூசாத குச்சிகள் தாராளம். 1970களின் இறுதியில் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் கிராமப் பள்ளிகளில் பொறியாளர் அரவிந்த் குப்தா தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் இணைத்துச் சட்டகங்கள் செய்து காட்டினார். அதையே நாங்களும் செய்து பார்த்தோம். நான்கு குச்சிச் சதுரம் தொட்டால் சாயும். மூன்று குச்சி முக்கோணம் அசையாது. தகரக் கொட்டகையின் கூரைச் சட்டத்தில் ஏன் அத்தனை முக்கோணங்கள் என்று அதன் பிறகு பிள்ளைகள்தான் எனக்குக் காட்டினார்கள்.

எதைத் தொடக் கூடாது என்பதையும் இதே அக்கறையோடு சொல்லிக்கொடுக்கிறோம். அரளி, எருக்கம்பால், பார்த்தீனியம் மூன்றும் எங்கள் கூடைக்குள் வராது. குன்றிமணி அழகு, பிள்ளையாருக்கே கண்ணாக வைக்கிறோம். ஆனால் அதற்குள் இருக்கும் அப்ரின் கொடிய நஞ்சு. முழு விதையின் கடினத் தோல் அதை அடைத்துவைத்திருக்கிறது. துளையிட்டாலோ கடித்தாலோ உயிருக்கே ஆபத்து. மாலை கோக்கப் பிள்ளைகள் கையில் அதைக் கொடுக்கவே கூடாது. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும்; அது எப்போதும் என் கையில்தான். ஜிகினாத் தூளையும் நாங்கள் சேர்ப்பதில்லை. அது பெரும்பாலும் பிளாஸ்டிக். கழுவினால் சாக்கடைக்கும் அங்கிருந்து கண்மாய்க்கும் போகும். ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரிலிருந்து பிளாஸ்டிக் ஜிகினாத் தூள் விற்பனைக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்திருக்கிறது.

கழிவிலிருந்து கலை என்று பல பள்ளிகளில் போட்டி வைக்கிறார்கள். என் பிள்ளைப் பருவத்தில் நானும் ஒன்றில் கலந்துகொண்டேன். போட்டிக்கென்றே புது பாட்டில் வாங்கி, அதன்மேல் தெர்மாகோலும் ஜிகினாவும் ஒட்டிக் கொண்டுபோனேன், பரிசும் வந்தது. அந்த பாட்டிலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எதனால் ஆனது, சூட்டில் என்ன ஆகும், யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அதை ஒரு மேசைபோல் பயன்படுத்தினேன், அவ்வளவுதான். இன்று பிள்ளைகளோடு உட்காரும்போது பொருளைப் பேசவிட வேண்டும் என்று விடாமல் நினைத்துக்கொள்கிறேன். மாதிரிப் படம் எதையும் முன்னால் வைப்பதில்லை. இந்த ஓலை எந்தப் பக்கம் மடங்க விரும்புகிறது, இந்தச் சாறு எதைப் பார்த்தால் நிறம் மாறுகிறது என்றுதான் தொடங்குகிறோம். சில சனிக்கிழமைகளில் காட்டுவதற்கு எதுவுமே மிஞ்சாது. பிள்ளையை அழைத்துப்போக வரும் அம்மாக்களுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான். கையெல்லாம் மண்ணோடு பிள்ளை வழிநெடுகப் பேசிக்கொண்டே போவதைப் பார்த்தபின் சமாதானமாகிவிடுகிறார்கள்.

செம்பருத்திப் பிள்ளைக்கு வருகிறேன். தேரி மண்ணில் அவள் மறுபடி ஒரு பூ வரைந்தாள். வாசல் சுவரில் இப்போது அது இருக்கிறது. வெயில் அதை ஒன்றும் செய்யவில்லை. மஞ்சள் தாளில் விழுந்த பூவரசு இலையை என்ன செய்வாய் என்று கேட்டேன். பாட்டியின் டிரங்குப் பெட்டிக்குள் இருட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். அவளோ சுண்ணாம்பு தொடாத ஒரு படத்தைத் தனியாக எடுத்துவைத்திருந்தாள். அடுத்த சனிக்கிழமை அதைக் கொண்டுவந்து, பூவரசு இலை விழுந்திருந்த இடத்தின் நடுவில் ஒரு புளியங்கொத்தை வைத்து, கண்ணாடியால் மூடி, யாரையும் கேட்காமல் மாடிக்குக் கொண்டுபோனாள்.

சாயங்காலம் இறக்கிக் கொண்டுவந்தாள். சுற்றிலும் வெளுத்த தாள். அதில் இளமஞ்சளாக ஒரு பூவரசு இலை. அந்த இலைக்குள்ளே, இரண்டு வாரமும் நிழலிலேயே இருந்த இடம் மட்டும் அடர் மஞ்சளாக, ஒரு புளியங்கொத்து.

"இது ரெண்டு வெயில் குடிச்ச படம்க்கா," என்றாள். மூன்றாவது வெயிலுக்கு எந்த இலை என்று அதற்குள் பக்கத்துப் பிள்ளையோடு பேச ஆரம்பித்திருந்தாள்.